அலமாரிக்குப் பின்னே ஒரு நாடு, கடலுக்கு நடுவே ஓர் உலகு

மாய உலகக் கதைக்குள் முதன்முறையாக நுழைபவர் சி. எஸ். லூயிஸின் நார்னியாவைத் தேர்ந்தெடுப்பதா, உர்சுலா லெ குவினின் எர்த்ஸீயைத் தேர்ந்தெடுப்பதா என்று கேட்டால், என் விடை அவரது வயதைப் பொறுத்தே மாறும். 1950இல் வெளிவந்த முதல் நார்னியா நாவலில், போர்க்கால லண்டனிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்ட நான்கு பிள்ளைகள், உடுப்பு அலமாரி ஒன்றின் வழியே பனி மூடிய அரசொன்றுக்குள் சென்று, முடிவில் அதன் அரியணைகளிலேயே அமர்கிறார்கள். நம் வீட்டு அலமாரியையும் ஒருமுறை திறந்து பார்க்கத் தூண்டும் அந்த அண்மைதான் அதன் கவர்ச்சி.

1968இல் வெளியான முதல் எர்த்ஸீ நாவலுக்கு அத்தகைய வாசல் கிடையாது. தீவுக்கூட்டமான அவ்வுலகில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு, அதை அறிந்தவருக்கே அப்பொருள் கட்டுப்படும் என்பதால், மந்திரவாதியின் பயிற்சியில் கணிசமான காலம் பெயர்களை மனப்பாடம் செய்வதிலேயே (நம் பள்ளிக்கூடங்களைப் போல!) கழிகிறது. செருக்கினால் தான் கட்டவிழ்த்த நிழலுக்கு அஞ்சி ஓடும் கெட் என்னும் இளைஞன், பின்னர் திரும்பி நின்று அதையே துரத்தத் தொடங்கும் பகுதிகளில், எதிரி வெளியே இல்லை என்ற உணர்வு வாசகரை மெல்லக் கவ்வுகிறது. நார்னியாவில் எதிரியாக வரும் வெள்ளைச் சூனியக்காரியிடம் இந்த அச்சம் எனக்கு எழவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு நார்னியாவைத் தருவேன். பதினைந்தைக் கடந்தவருக்கு, நடை மெதுவாகத் தோன்றினாலும், எர்த்ஸீயையே தருவேன்.