ஃபயர் ரிப்போர்ட் வாங்கித் தருகிறேன் என்றவரிடம் ஏழாயிரம் ரூபாய் கொடுத்த கதை

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் நார்க்களமோ வைக்கோல் போரோ வைத்திருக்கும் நம் ஆட்கள் இதை மார்ச் மாதம் பிறப்பதற்கு முன்பே படித்துவிட்டால் நல்லது. எனக்குப் போனது ஏழாயிரம் ரூபாய் மட்டும் என்றால் எழுதியிருக்கவே மாட்டேன். எட்டு மாதம் போனது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கள்ளக் காகிதம் கொடுத்தவன் என்ற பெயரும் வர இருந்தது, நூலிழையில் தப்பினேன்.

நானும் என் மச்சானும் சேர்ந்து ஒரு சின்னத் தேங்காய் நார் மில் வைத்திருக்கிறோம். மட்டை அடித்து, களத்தில் காயவைத்து, பேல் கட்டிப் பொள்ளாச்சிக்கு அனுப்புவோம். மார்ச் மாதம் ஒரு மத்தியானம் களத்தில் தீப்பிடித்தது. நார் எரிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மேலே அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே கனன்றுகொண்டே கிடக்கும். நம் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்து வண்டி முதலில் வந்தது. தண்ணீர் தீரத் தீர நிரப்பி வந்தும் போதாமல், தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்தும் ஒரு வண்டி வந்தது. ஜேசிபியை வைத்துக் குவியலைக் கிளறிக் கிளறி அடித்ததில் முழுசாக அணைய மூன்றாம் நாள் ஆகிவிட்டது. ராத்திரி பகல் பாராமல் நின்ற அந்தப் பையன்களை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சிக்கல் எல்லாம் அதன் பிறகு, காகிதத்தில்தான்.

எங்களிடம் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி இருந்தது. ஐந்து கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறு தொழில்களுக்காக 2021 ஏப்ரலில் வந்த தீ இன்சூரன்ஸ் அது. இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்து படம் எடுத்தார், பேல் கணக்கு கேட்டார், கடைசியில் “ஃபயர் ரிப்போர்ட்டும் போலீஸ் எஃப்ஐஆரும் கொடுங்க” என்றார். எஃப்ஐஆர் நகல் கிடைத்துவிட்டது. ஃபயர் ரிப்போர்ட்டுக்காகத் தீயணைப்பு நிலையத்துக்கு மச்சான் இரண்டு தடவை போனார். ஒருமுறை ஆபீசர் இல்லை, இன்னொரு முறை “அடுத்த ஆழ்ச்ச வரு”, அதாவது அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் களம் கருகிக் கிடக்கும்போது ஒரு வாரம் என்பது எங்களுக்கு ஒரு வருஷம் மாதிரி இருந்தது.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார். அரசு ஆபீஸ்கள் இருக்கும் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர். நம்மிடம் தமிழ், ஆபீசில் மலையாளம். “ஏனுங்க, எதுக்கு அலையறீங்க? ஆர்டிஐ போட்டா 48 மணி நேரத்துல குடுத்தே ஆகணும்ங்க. கவர்மென்ட் ஃபீஸ் 4,500, எனக்கு 2,500” என்றார். மச்சான் அங்கேயே ஜிபேயில் அனுப்பினார். ரசீது கேட்டதற்குச் சிரித்தார். சிரித்ததைப் பார்த்து நாங்களும் சிரித்தோம், அதை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது.

அவர் சொன்ன இரண்டு கணக்குமே பொய். ஆர்டிஐ என்கிற தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி விண்ணப்பக் கட்டணம் இங்கே பத்து ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு இத்தனை என்று சில ரூபாய்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 48 மணி நேரம் என்று ஒன்று சட்டத்தில் இருப்பது உண்மை, ஆனால் அது ஒரு மனிதரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவலுக்கு. கருகிய நாருக்கு 30 நாள்தான். பொய்யில் ஒரு துளி உண்மையைக் கலந்து கொடுத்ததால் நம்பிவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காகிதம் கொண்டுவந்து கொடுத்தார். சீல் இருந்தது, கையெழுத்து இருந்தது, எங்கள் மில் பெயரும் இருந்தது. நான் ஒழுங்காகப் படிக்கக்கூட இல்லை, மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அப்படியே சர்வேயரிடம் கொடுத்தேன். மறுநாள் அவர் போன் செய்தார். “இது எந்த ஊர் ரிப்போர்ட்டுங்க? உங்க களத்துல தீப்பிடிச்சது மத்தியானம், இதுல ராத்திரி பதினொரு மணின்னு இருக்கு. அனுப்பின நம்பரும் இல்ல, தேதியும் இல்ல.” வேறு ஏதோ குடோனின் ரிப்போர்ட்டில் பெயரை மாற்றி நகல் எடுத்திருக்கிறார். சர்வேயர் நல்ல மனிதர். “எழுதிக் குடுத்து வாபஸ் வாங்கிக்குங்க, நான் ஃபைல்ல சேர்க்கல. போலிக் காகிதம் குடுத்தா மொத்த கிளெய்மும் போயிடும்” என்றார். அன்று ராத்திரி தூங்கவில்லை.

சரி, நானே போகிறேன் என்று தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். அங்கே ஒரு கிளார்க் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, “இதினு ஒராள்க்கு மறுபடி கொடுத்தல்லோ” என்றார். மறுபடி என்றால் பதில். விஷயம் இதுதான். நாற்காலிக்காரர் நிஜமாகவே ஆர்டிஐ போட்டிருக்கிறார், ஆனால் தன் பெயரில். போலீஸ் விசாரணை நடப்பதால் ரிப்போர்ட் தர இயலாது என்று முறைப்படி அவருக்குப் பதிலும் வந்திருக்கிறது. அதை எங்களிடம் காட்டவே இல்லை. பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும், அதுவும் கடந்து போயிருந்தது. அவர் பெயரில் இருக்கும் விண்ணப்பத்துக்கு நான் மேல்முறையீடு போகவும் முடியாது.

அதே கிளார்க் இன்னொன்றும் சொன்னார், இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தீப்பிடித்த சொத்தின் உரிமையாளர், இன்சூரன்ஸுக்கு வேண்டும் என்று நேரே நிலையத்தில் மனு கொடுத்தே ரிப்போர்ட் கேட்கலாம். கட்டணம் கேட்டால் ரசீதோடு கட்டுங்கள். ஆர்டிஐ என்பது அங்கே கதவு திறக்காதபோது தட்டுவதற்கு. எங்கள் விஷயத்தில் போலீஸ் கேஸைக் காட்டி அந்த மனுவையும் அங்கே ஓரமாக வைத்துவிட்டார்கள். ஆகவே நானும் ஆர்டிஐக்கே வந்தேன்.

என் முதல் விண்ணப்பம் பத்தே நாளில் திரும்பி வந்தது. பொள்ளாச்சிக்கு மில் சாமான் வாங்கப் போனபோது அங்கேயே கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்கி ஒட்டியிருந்தேன். அது தமிழ்நாட்டு ஸ்டாம்ப். கேரள அலுவலகத்துக்குக் கேரள ஸ்டாம்ப்தான் செல்லும், இல்லையென்றால் அலுவலகத்திலேயே ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்க வேண்டும். போஸ்டல் ஆர்டரும் இங்கே செல்லாது என்றார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் டீ குடித்து இந்தப் பக்கம் தூங்குகிற நமக்கு, ஸ்டாம்புக்கும் செக்போஸ்ட் உண்டு என்பது தோன்றவே இல்லை.

இரண்டாவது விண்ணப்பத்தில் என் கோபத்தை எல்லாம் கொட்டினேன். ஏன் தாமதம், யார் பொறுப்பு, தீ எதனால் பிடித்தது என்று நினைக்கிறீர்கள் என்று ஒன்பது கேள்வி. 29ஆம் நாள் பதில் வந்தது. இவை தகவல் அல்ல, ரிப்போர்ட் பிரிவு 8(1)(எச்)இன்படி, அதாவது விசாரணைக்கு இடைஞ்சல் என்று, மறுக்கப்படுகிறது என இரண்டே வரி. முதல் பாதி என் தப்பு. ஏற்கெனவே காகிதத்தில் இருப்பதைத்தான் இந்தச் சட்டத்தில் கேட்கலாம், அதிகாரியின் அபிப்பிராயத்தை அல்ல. 2011இல் உச்ச நீதிமன்றமே ஒரு தேர்வு விடைத்தாள் வழக்கில் இதைச் சொல்லியிருக்கிறது. எதற்குக் கேட்கிறோம் என்ற காரணத்தை விண்ணப்பத்தில் எழுதத் தேவையில்லை என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. நான்தான் ஒன்றரைப் பக்கத்துக்குக் காரணம் எழுதி வைத்திருந்தேன்.

இரண்டாம் பாதி அவர்கள் தப்பு. விசாரணை நடக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, அந்தக் காகிதத்தைக் கொடுத்தால் விசாரணை எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும். 2007இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பக்கத்து வீட்டில் சட்டம் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவள்தான் எடுத்துக் காட்டினாள். மேல்முறையீட்டை மலையாளத்தில் எழுதிக் கொடுத்ததும் அவள்தான். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்று 1969ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. நான் அந்தச் சண்டையை இதோடு சேர்த்துப் போட விரும்பவில்லை. ஒரு நேரத்தில் ஒரு சண்டை போதும்.

மேல்முறையீடு அதே துறையில் மேலே உள்ள அதிகாரிக்குப் போகும். அதற்கு நான் கட்டணம் எதுவும் கட்டவில்லை. 30 நாளில், மிஞ்சிப் போனால் 45 நாளில் அவர் முடிவு சொல்ல வேண்டும். அங்கேயும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் திருவனந்தபுரத்தில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். காரணமில்லாமல் இழுத்தடிக்கும் தகவல் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் போடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை.

மேல்முறையீடு நடக்கும்போதே மூன்றாவதாக ஒரு விண்ணப்பம் போட்டேன். இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். கேள்வியே கிடையாது, பொருள்தான். இன்ன தேதி, இன்ன இடம், அன்று வந்த அழைப்பைப் பதிந்த பதிவேட்டுப் பக்கத்தின் நகல். போன வண்டியின் லாக் புக்கில் அந்த மூன்று நாள் பக்கங்கள். சம்பவத்தைப் பற்றி மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையின் நகல். நகல் தர முடியாவிட்டால் நேரில் பார்வையிட அனுமதி. நான்கே வரி. எங்கள் மில்லின் பெயரையும் முகவரியையும் நிலையம் வேறு மாதிரி எழுதியிருக்கலாம் என்று சர்வே நம்பரையும் சேர்த்தேன். அது நல்லதாகப் போயிற்று, பதிவேட்டில் நிலத்தின் பழைய உரிமையாளர் பெயர்தான் இருந்தது. மில் பெயரை மட்டும் கொடுத்துக் கேட்டிருந்தால் “அப்படியொரு பதிவு இல்லை” என்று உண்மையாகவே பதில் வந்திருக்கும்.

தமிழ்நாட்டு வண்டி வந்தது இருக்கிறதே, அதன் காகிதம் கேரள நிலையத்தில் கிடையாது. அதற்குத் தனியாக அந்த மாநிலத்து அலுவலகத்துக்கு எழுத வேண்டும். திரும்பி வந்த அந்தப் பொள்ளாச்சி ஸ்டாம்ப் கடைசியில் இங்கேதான் உதவியது. மூன்று வாரத்தில் தமிழில் பதில் வந்துவிட்டது.

எல்லாம் கைக்கு வந்தபோது நவம்பர். ஆறு பக்கம். அழைப்பு வந்தது 2.20, வண்டி வந்து சேர்ந்தது 2.45 என்று இருந்தது. எங்கள் கிளெய்ம் ஃபாரத்தில் 3.30 என்று இருந்தது, அதை நிரப்பியதும் அந்த நாற்காலிக்காரர்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சர்வேயருக்கு எங்கள் மேல் இருந்த சந்தேகத்தில் பாதி இந்த நேர வித்தியாசத்தால்தான். காரணம் என்ற இடத்தில் ‘உறுதி செய்யப்படவில்லை’ என்று இருந்தது. அதைப் பார்த்து மச்சான் முகம் வாடியது, ஆனால் சர்வேயர் “இதுவே போதுங்க, நிஜக் காகிதமா இருந்தா சரி” என்று வாங்கிக்கொண்டார். கிளெய்ம் கேட்டதில் ஒரு பகுதி வந்திருக்கிறது, மீதிக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பணத்தைக் கேட்கப் போனோம். இரண்டாயிரம் திருப்பிக் கொடுத்தார், மீதியை “ஆபீசில் கொடுத்துவிட்டேன்” என்றார். யாரிடம் என்று கேட்டால் பெயர் வரவில்லை. போலீசில் பராதி கொடுத்தோம். ஜிபேயில் மச்சான் குறிப்பு எதுவும் எழுதாமல் அனுப்பியதால், அது கைமாற்றுப் பணம் என்று அவர் அங்கே சாதித்துவிட்டார். போலி ரிப்போர்ட்டைத் தான் கொடுக்கவே இல்லை என்றும் சொன்னார். நாங்கள் அதைக் கவரில் வாங்கியபோது பக்கத்தில் யாரும் இல்லை.

அவர் இன்னும் அதே ஜெராக்ஸ் கடை முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது ஒரு வைக்கோல் லாரிக்காரர் அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தார். ரோட்டில் மின்கம்பி உரசி லோடு மொத்தமும் எரிந்துபோன லாரி என்று பிறகு தெரிந்தது. வண்டியை நிறுத்தி அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். ஏற்கெனவே இரண்டாயிரம் கொடுத்துவிட்டாராம்.