10 மீட்டரா, 30 மீட்டரா? ஹாம் ரேடியோ கேட்க எந்த நீளக் கம்பி

ஹாம் ரேடியோ என்பது உரிமம் பெற்ற பொழுதுபோக்கு ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வானொலி. அதைக் கேட்க மட்டும்தான் என்றால், ஆன்டெனாவாகக் கட்டும் கம்பிக்கு சென்டிமீட்டர் கணக்கெல்லாம் வேண்டாம்.

இடம்: 10 மீட்டருக்கு மொட்டை மாடி போதும், 30 மீட்டருக்குப் பக்கத்து வீட்டுத் தென்னையும் அதன் சொந்தக்காரரும் ஒத்துழைக்க வேண்டும்.

7 மெகாஹெர்ட்ஸ் ஹாம் பேண்ட்: 10 மீட்டரே கிட்டத்தட்ட கால் அலைநீளம், தாராளம்.

3.5 மெகாஹெர்ட்ஸ் (அலைநீளத்தை வைத்து 80 மீட்டர் பேண்ட் என்பார்கள்): 30 மீட்டர்தான்.

ரிசீவர்: இதுதான் முக்கியம். சின்ன கையடக்க ரேடியோவில் 30 மீட்டரைச் செருகினால் உள்ளூர் மீடியம் வேவ் நிலையம் டயலில் கண்ட இடத்திலெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும், நல்ல கம்யூனிகேஷன் ரிசீவர் என்றால் பெரும்பாலும் தாங்கும், கம்பியை ரிசீவரோடு பொருத்தமாக இணைக்கும் 9:1 டிரான்ஸ்ஃபார்மரும் எர்த்தும் சேர்த்தால் இன்னும் நல்லது.

இரைச்சல்: நீளத்தைவிட, எல்இடி பல்பு, இன்வெர்ட்டரிலிருந்து கம்பி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே பெரிது.

அபார்ட்மெண்ட், கையடக்க ரேடியோ: 10. தோப்பு, நல்ல ரிசீவர், இரவில் 80 மீட்டர் பேண்ட்: 30. அப்புறம், இடி வருகிற மாதிரி இருந்தால் எந்த நீளக் கம்பியானாலும் முன்கூட்டியே ரேடியோவிலிருந்து கழற்றிவிடுங்கள்.