மூடி இல்லாத செப்டிக் டேங்கோடு 12 ஆண்டுகள்

மன்னார்குடிப் பக்கம் வீடு கட்டத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், ஆறு பேருக்கு எத்தனை அடியில் செப்டிக் டேங்க் கட்டலாம் என்று போன வாரம் கேட்டார். அளவைச் சொல்ல ஒரு நிமிடம் ஆயிற்று. மூடியைப் பற்றிச் சொல்ல ஒரு மணி நேரம் ஆயிற்று.

எங்கள் வீடு திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 2013-இல் கட்டியது. தொட்டியின் உள்ளளவு 8 அடி நீளம், 4 அடி அகலம். தண்ணீர் நிற்கும் ஆழம் 4 அடி. ஏறக்குறைய 3600 லிட்டர் பிடிக்கும். நடுவில் தடுப்புச் சுவர் உண்டு. செங்கல் கட்டுமானத்திலும் உட்பூச்சிலும் இன்றுவரை ஒரு விரிசல் இல்லை. அந்த வேலைக்காகக் கொத்தனாரை எத்தனை முறை வேண்டுமானாலும் பாராட்டுவேன். ஆனால் அதே கொத்தனார்தான், திறந்து பார்க்க ஒரு மூடிகூட வைக்காமல் மேலே முழுவதும் காங்கிரீட் போட்டு, வாசல் தளத்தோடு சேர்த்து டைல்ஸும் ஒட்டிவிட்டார். வாசலும் அழகாக இருக்கும், வாடையும் வராது என்றார். நாங்களும் சரி என்றோம்.

ஐப்பசி பிறந்து வயல்களில் தண்ணீர் கட்டிவிட்டால் எங்கள் களிமண்ணில் நிலத்தடி நீர் தோண்டினால் கைக்கு எட்டும் அளவுக்கு ஏறிவிடும். அப்போதெல்லாம் கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் கோப்பையிலேயே நிற்கும். தொட்டி நிறைந்துவிட்டது என்று நாங்களே முடிவு செய்து லாரியை வரவழைப்போம். 2018, 2021, 2023 என்று மூன்று முறை இப்படி நடந்தது. ஒவ்வொரு முறையும் டைல்ஸைப் பெயர்த்து, கடப்பாரையால் குழாய் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, உறிஞ்சி முடித்ததும் மறுபடி சிமெண்ட் பூசி மூடுவோம். கடைசி முறை லாரிக்கு மட்டும் 3500 ரூபாய் ஆனது. 2018-இல் அது தேவைப்பட்டிருக்கலாம். ஐந்து ஆண்டுக் கசடு இருந்திருக்கும். 2023-இல் லாரி போன மறுநாள் காலையே தண்ணீர் பழையபடி ஏறி நின்றபோதுதான், நான்கு பேர் ஓரிரவில் 3600 லிட்டரை நிரப்ப முடியாது என்பது உறைத்தது. நிறைந்திருந்தது, தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி. அங்கே போக்கிடம் இல்லாத தண்ணீர்தான் வெளியேறும் குழாய் வழியாகத் தொட்டிக்குள் திரும்பி வந்திருக்கிறது. திறந்து பார்க்க ஒரு மூடி இருந்திருந்தால் இதை முதல் மழையிலேயே கண்டுபிடித்திருக்கலாம்.

2023-இல் லாரி வந்த அன்று நடந்த இன்னொன்றை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது. ஓட்டை சிறியதாக இருந்ததால் குழாய் மூலை வரை எட்டவில்லை. லாரியோடு வந்த இளைஞர், ஓட்டையைப் பெரிதாக்கினால் தாமே இறங்கிக் கசட்டைக் கிளறிவிடுவதாகச் சொன்னார். வேண்டவே வேண்டாம், கசடு அப்படியே கிடக்கட்டும் என்று நிறுத்திவிட்டேன். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கின் உணர்வே மரத்துப்போய், ஆபத்து நீங்கிவிட்டதாகத் தோன்றும். மூடி இல்லாத தொட்டி, ஒருவரை உள்ளே இறக்கும் எண்ணத்தைத் தானாகவே கொண்டுவந்துவிடுகிறது என்பதுதான் அதன் மீது எனக்குள்ள பெரிய கோபம்.

இந்தச் சித்திரையில், மண் காய்ந்திருந்த நேரத்தில், வேறு கொத்தனாரை வைத்து டைல்ஸை எடுத்து, தொட்டியின் இரண்டு அறைகளுக்கும் மேலே இரண்டடிச் சதுரமாக வெட்டித் திறந்தோம். நெடுநேரம் காற்றாட விட்டு, பக்கத்தில் பீடி, நெருப்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, காற்று வரும் பக்கமாக நின்றேன். ஏழடி மூங்கில் கோலின் அடிப்பகுதியில் வெள்ளை வேட்டித் துண்டைச் சுற்றிக் கட்டி, அடி தட்டும் வரை மெதுவாக இறக்கி, சற்றுப் பொறுத்து எடுத்தேன். துணியின் கீழே ஒரு சாண் உயரத்துக்கு மை போலக் கறுப்பாகக் கசடு ஒட்டியிருந்தது; அதற்கு மேல் வெறும் பழுப்புச் சாயம். நீரின் மேல் ஏடாக மிதந்த கழிவு இரண்டு அங்குலம். இரண்டும் சேர்ந்து நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டும்போது லாரியை அழைத்தால் போதும். எங்கள் 4 அடி ஆழத்துக்கு அந்த வரம்பு 16 அங்குலம்.

உண்மையான கோளாறு இரண்டாவது அறையில் இருந்தது. வெளியேறும் குழாயின் வாயில் இருந்த டீ பைப் (T வடிவக் குழாய்) கழன்று அடியில் கிடந்தது. ஏட்டைத் தடுத்து, நடுவில் உள்ள தெளிந்த நீரை மட்டும் அனுப்புவது அதன் வேலை. அது இல்லாததால் ஏடும் கொழுப்பும் நேராக உறிஞ்சுகுழிக்குப் போய் ஜல்லியை அடைத்துவிட்டன. எத்தனை ஆண்டுகளாக அப்படிக் கிடந்தது என்று சொல்ல வழியே இல்லை. சில நூறு ரூபாய்ப் பொருள் அது.

புது டீ பொருத்தி, தரையிலிருந்து அரையடி உயர்த்திக் கைப்பிடியோடு இரண்டு மூடிகள் வைத்தோம். காற்றுக்குழாயின் உச்சிக்குக் கொசுவலை கட்டினோம். பழைய உறிஞ்சுகுழி அடிபம்பிலிருந்து 30 அடியில்தான் இருந்தது; செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2470 விதியோ குடிநீர் ஆதாரத்திலிருந்து 18 மீட்டராவது (சுமார் 59 அடி) தள்ளியிருக்க வேண்டும் என்கிறது. ஆழக் குழி எங்கள் மண்ணுக்கு ஆகாது என்பதால், அடிபம்புக்கு எதிர்த்திசையில் 65 அடி தள்ளி, ஆழமில்லாத நீண்ட பள்ளமாக வெட்டி ஜல்லி நிரப்பி, ஓரத்தில் வாழை வைத்திருக்கிறோம். ஐப்பசி வந்தால்தான் அது தாங்குமா என்று தெரியும்.

தொட்டி நல்ல தொட்டிதான். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. ஆனாலும் இதைப் போலவே கட்டுங்கள் என்று நண்பரிடம் நான் சொல்லவில்லை. அவர் அனுப்பிய வரைபடத்தில் இரண்டு மூடிகளுக்கான இடத்தையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, மூடி பொருந்தும் அந்த இரண்டு சட்டகங்களும் வந்து சேரும் வரை மேல் காங்கிரீட்டுக்கு நாள் குறிக்க வேண்டாம் என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.