நாகர்கோவிலில் ஒரு வார இறுதி ஜாவா வகுப்பு

வடசேரிப் பகுதியில் இயங்கும் ஒரு சிறிய பயிற்சி நிலையத்தின் ஜாவா நிரல்மொழி வகுப்பில், பாலிமார்பிசத்துக்கு (ஒரே கட்டளையை ஒவ்வொரு வகைப் பொருளும் தன் வழியில் நிறைவேற்றுவது) ஒதுக்கப்பட்டிருக்கும் பகுதி மட்டுமே கட்டணத்துக்குத் தகுதியானது; மற்றவை எந்தப் பாடநூலிலும் கிடைப்பவை.

நாய், பூனை என்னும் வழக்கமான எடுத்துக்காட்டுகள் இங்கே இல்லை, நல்லவேளை. குலசேகரம் பக்கத்து ரப்பர் கடை ஒன்றுக்குப் பில் போடும் நிரலைத்தான் எழுத வைக்கிறார்கள். ரப்பர் பாலுக்கு எடையுடன் அதிலுள்ள உலர் ரப்பரின் விகிதத்தையும் பார்க்க வேண்டும். ஷீட்டுக்கு எடையும் தரமும் போதும். ஒட்டுப்பாலுக்கு ஈரத்துக்கும் அழுக்குக்கும் கழிக்க வேண்டும். மாணவர்கள் முதலில் எழுதுவது, பொருள் எந்த வகை என்று கேட்கும் 'இன்ஸ்டன்ஸ்ஆஃப்' சோதனைகளின் நீண்ட சங்கிலிதான்: விலைக் கணக்கில் ஒன்று, ரசீதில் ஒன்று, இருப்பில் ஒன்று. அதன்பின் கிரேப் ரப்பரையும் சேர்க்கச் சொல்கிறார் ஆசிரியர். விலைக் கணக்கில் அதைச் சேர்க்க மறந்தால், எதுவும் பொருந்தாதபோது ஓடும் கடைசி 'எல்ஸ்' கிளை பூஜ்யத்தைத் திருப்பித் தர, கம்பைலர் (நிரலைச் சரிபார்த்து மொழிமாற்றும் மென்பொருள்) எந்தக் குறையும் சொல்லாமல் பூஜ்யம் ரூபாய்க்கு ரசீது அச்சாகிறது. அடுத்து, 'சரக்கு' என்னும் இன்டர்ஃபேஸில் (கிளாஸ்கள் நிறைவேற்ற வேண்டிய ஒப்பந்தம்) 'தொகை' என்ற மெத்தடை, அதாவது செயலை, அறிவித்து, ரப்பர் வகைக்கு ஒன்றாக எழுதிய ஒவ்வொரு கிளாஸும் தன் கணக்கைத் தானே செய்யும்படி மாற்றுகிறார்கள். இப்போது அந்த மெத்தடை எழுதாத புதிய கிளாஸ் கம்பைலே ஆகாது. உள்ளிடப்பட்ட பெயரைப் பார்த்து ஆப்ஜெக்டை உருவாக்கும் இடத்தில் மட்டும் மதிப்புக்கேற்பக் கிளை பிரிக்கும் ஒரு 'ஸ்விட்ச்' மிஞ்சும் என்பதையும் ஆசிரியர் மறைப்பதில்லை.

1960களில் நார்வேயில் உருவான சிமுலா 67 நிரல்மொழியிலேயே, ஒவ்வொரு கிளாஸும் தன் கணக்கைத் தானே செய்யும் இந்த வசதி 'விர்ச்சுவல்' என்ற பெயரில் இருந்ததைச் சொல்லியிருந்தால் பாடம் இன்னும் சுவைத்திருக்கும்.

குறை என்றால், வகைச் சோதனையே கூடாது என்று அடித்துச் சொல்வதுதான். வகைகள் மாறாமல், அவற்றின் மீதான வேலைகள் மட்டும் பெருகும் நிரலில், ஒவ்வொரு புதிய வேலைக்கும் எல்லா கிளாஸ்களையும் திறந்து திருத்த நேரிடும். ஜாவா 17இல் வந்த 'சீல்டு' கிளாஸ்களும் (எவை துணை வகைகள் என்று முன்பே வரையறுத்தவை), 2023இல் வெளியான ஜாவா 21இன் 'பேட்டர்ன்' ஸ்விட்சும் (வகையைப் பார்த்துக் கிளை பிரிப்பது) அத்தகைய இடங்களுக்கு ஏற்றவை. மீதி எல்லாவற்றுக்குமான 'டிஃபால்ட்' கிளை எழுதாமல் ஒரு வகையை விட்டுவிட்டால் அங்கேயும் கம்பைலரே பிழை காட்டிவிடும். இரு பொருள்கள் சமமா என்று பார்க்கும் 'ஈக்வல்ஸ்' மெத்தடில் கூட வகைச் சோதனை வழக்கமானதுதானே! ஆய்வகக் கணினிகளில் இருப்பதோ ஜாவா 8. ஆகவே சேர்பவர்கள் ஜாவா 21 நிறுவிய மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோய், இதே ரப்பர் கணக்கை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்ப்பது நல்லது.