மேலதிகாரியும் வகுப்பில் அமர வேண்டும்: சென்னையில் நடந்த ஒரு பெண் தலைமைப் பயிற்சி பற்றிய மதிப்புரை

அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் இடைநிலைப் பொறுப்பில் இருக்கும் பெண்களை மேல்நிலைப் பதவிகளுக்கு ஆயத்தப்படுத்தும் பயிற்சிகளைச் சென்னையில் இன்று பல தனியார் நிறுவனங்கள் வழங்குகின்றன. அவற்றுள் ஒன்றில், கிண்டியில் சனிக்கிழமைதோறும் நான்கு மாத காலம் நடந்த வகுப்பில், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் எங்கள் தொழிற்சாலையின் சார்பில் நானும் என் சக பணியாளர்கள் சிலரும் கலந்துகொண்டோம். ஒருவருக்கு ஏறத்தாழ 40,000 ரூபாய் கட்டணம். அதை எங்கள் தொழிற்சாலையே செலுத்தியது. பயிற்சி நிறுவனத்தின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. ஏறக்குறைய இதே பாடத்திட்டத்தையும் இதே கட்டண முறையையும் வேறு நிறுவனங்களும் வைத்திருப்பதால், எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும் எவருக்கும் இந்த மதிப்புரை பயன்பட வேண்டும் என்பதே என் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேலதிகாரிகளுக்கான அமர்வையும் சேர்த்து வாங்கினால் இந்தப் பயிற்சி கொடுத்த பணத்துக்குத் தகுந்தது, அந்த அமர்வு இல்லாமல் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வகுப்பில் இருந்தவர்கள் பலதரப்பட்ட பணியிடங்களிலிருந்து வந்திருந்தார்கள். சிறுசேரியில் மென்பொருள் அணித் தலைவர்களாக இருப்பவர்கள், ஒரு தனியார் மருத்துவமனையின் செவிலியர் கண்காணிப்பாளர், வங்கிக் கிளை மேலாளர்கள், தியாகராய நகரில் ஒரு துணிக்கடையின் தளப் பொறுப்பாளர் என்று அமைந்த அந்தக் கலவையே ஒரு பாடமாக இருந்தது. தொழில் எதுவாக இருந்தாலும், பெண்களின் பதவி உயர்வு ஏறக்குறைய ஒரே படியில் நின்றுவிடுகிறது என்பதை முதல் நாள் உரையாடலிலேயே எல்லோரும் கண்டுகொண்டோம்.

பாடத்திட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்த முதல் பகுதி, அப்ரைசல் எனப்படும் ஆண்டு மதிப்பீட்டைப் பற்றிய வகுப்பு. தங்களைப் பற்றி மேலதிகாரி எழுதிய குறிப்புகளையும், தங்கள் கீழ்ப் பணிபுரிவோரைப் பற்றித் தாங்கள் எழுதிய குறிப்புகளையும், பெயர்களை நீக்கிவிட்டுத் தனித்தனித் தாள்களில் எழுதி எடுத்துவரும்படி பயிற்றுநர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவற்றையெல்லாம் கலந்து மேசையில் பரப்பியபோது, எந்தத் தாள் ஆணைப் பற்றியது, எது பெண்ணைப் பற்றியது என்று பெரும்பாலும் சரியாகவே சொல்ல முடிந்தது. ‘பொறுமையானவர்’, ‘அனைவரோடும் அனுசரித்துப் போகிறவர்’, ‘சொன்ன வேலையைக் குறையின்றி முடிப்பவர்’ என்று பெண்களின் குணம் எழுதப்பட்டிருந்த இடத்தில், ‘வாடிக்கையாளர் புகார்களைக் குறைத்தார்’, ‘புதிய உற்பத்தி லைனைக் குறித்த நாளுக்கு முன்பே ஓடவைத்தார்’ என்று ஆண்களின் விளைவு எழுதப்பட்டிருந்தது. பெண் அதிகாரிகள் எழுதிய தாள்களிலும் இதே போக்குதான் காணப்பட்டது. பதவி உயர்வுக் குழுவில் இருப்பவர்கள் நேரில் பார்த்திராத பணியாளரை இந்த இரண்டு மூன்று வரிகளைக் கொண்டுதான் அறிகிறார்கள். குணத்தையும் விளைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளைவுதான் வெல்லும் என்பதால், பாராட்டி எழுதப்பட்ட அந்தச் சொற்களே ஒரு பெண்ணைப் பட்டியலிலிருந்து கீழே இறக்கிவிடுகின்றன. ஒவ்வொரு தாளையும் விளைவின் மொழியில் திருப்பி எழுதச் செய்த பயிற்சி அன்று மாலை வரை நீண்டது. அதை யாரும் அவசரப்படுத்தவில்லை என்பதற்காகப் பயிற்றுநரைப் பாராட்டுகிறேன்.

இரண்டாவது பகுதி, நான் தலைப்பிலேயே சொன்ன மேலதிகாரிகள் அமர்வு. ஒவ்வொரு பங்கேற்பாளரின் நேரடி மேலதிகாரியும் ஒரு முழு நாள் வந்து அமர வேண்டும் என்பது ஏற்பாடு. எல்லோரும் வரவில்லை; வந்தவர்களிலும் சிலர் மதிய உணவோடு கிளம்பிவிட்டார்கள். ஆனால் இருந்தவர்களிடம் நடந்த மாற்றத்தை நான் கண்ணால் பார்த்தேன். அவர்களிடம் அறிவுரை எதுவும் சொல்லப்படவில்லை. கடந்த ஓராண்டில் தம் பிரிவில் வந்த முக்கியமான வேலைகள் எவை, அவை யார் யாருக்குக் கொடுக்கப்பட்டன என்று ஒரு தாளில் எழுதும்படி மட்டும் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் ஆலைத் தலைவர் தம் கையால் எழுதிய அந்தப் பட்டியலில், வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு நேரில் போய் விளக்கம் தரும் வேலை, வெளியூர் ஆலையில் புதிய லைன் அமைக்கும் வேலை, செலவுக் குறைப்புத் திட்டத்தின் பொறுப்பு ஆகியவை ஆண்களின் பெயர்களுக்கு நேரே இருந்தன. ஆவணங்களைச் சரிபார்ப்பது, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, தணிக்கைக்குக் கோப்புகளை ஆயத்தம் செய்வது ஆகியவை பெண்களின் பெயர்களுக்கு நேரே இருந்தன. அவர் கெட்ட எண்ணத்தோடு இப்படிப் பிரிக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ‘வெளியூர் போக வேண்டியிருக்கும், அவருக்குச் சிரமம்’ என்று அவரே நினைத்துக்கொண்டு, கேட்காமலேயே முடிவு செய்திருந்தார். அந்தப் பட்டியலை எழுதிய பிறகு அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாடிக்கையாளர் பயணத்துக்கு யார் போக விரும்புகிறார்கள் என்று பிரிவு முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் பெயரை முடிவு செய்தார்.

பெண்களுக்குத் தன்னம்பிக்கை போதவில்லை, அதைக் கற்றுக்கொடுத்தால் போதும் என்ற எண்ணத்தில்தான் இத்தகைய பயிற்சிகள் பெரும்பாலும் வடிவமைக்கப்படுகின்றன. குறைபாடு முழுவதும் எங்களிடமே இருப்பதாக வைத்துக்கொள்ளும் அந்த எண்ணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. வேலையைப் பங்கிடுபவரும் மதிப்பெண் போடுபவரும் மாறாதபோது, பயிற்சி பெற்ற பெண் முன்பைவிடத் தெளிவாகத் தன் தேக்கத்தைப் புரிந்துகொள்வாளே தவிர, அதிலிருந்து வெளியே வர அவளுக்கு வழி கிடைக்காது.

ஊதியப் பேச்சுவார்த்தை வகுப்பில் இந்தக் குறை வெளிப்படையாகத் தெரிந்தது. நடித்துக் காட்டும் பயிற்சிகள் நன்றாகவே இருந்தன. தயங்காமல் தொகையைச் சொல்வதும், சொன்னபின் அமைதியாகக் காத்திருப்பதும் எல்லோருக்கும் பயன்படும். ஆனால் ஒரே பதவிக்கு நிறுவனம் என்ன வரம்பில் ஊதியம் தருகிறது என்பதே தெரியாத நிலையில் எந்தத் தொகையைக் கேட்பது என்று துணிக்கடைத் தளப் பொறுப்பாளர் கேட்டபோது, பயிற்றுநரிடம் பதில் இல்லை. ஒரே தன்மையுள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் தர வேண்டும் என்பது 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலிருந்தே இந்நாட்டின் சட்டம் என்பதைக்கூட வகுப்பில் யாரும் குறிப்பிடவில்லை.

சட்டத்துக்கென ஒதுக்கப்பட்ட அரை நாள்தான் மொத்தப் பயிற்சியிலும் பலவீனமானது. திரையில் ஓடிய வரிகளை அப்படியே வாசித்தார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது, அது மனிதவளப் பிரிவின் வேலை என்று சொல்லி அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளிலிருந்து வளர்ந்த அந்தச் சட்டத்தின்படி, 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஒவ்வொரு பணியிடத்திலும் இத்தகைய புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்கப்பட வேண்டும். அதன் தலைவர் அங்கே மூத்த நிலையில் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் இடம்பெற வேண்டும். விசாரணையை அக்குழு 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். ஆட்களை வரவழைத்து உறுதிமொழியின்பேரில் விசாரிக்கவும், ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு. நடுத்தர அளவிலான ஒரு தொழிற்சாலையில், ஆலைத் தலைவரையே அழைத்துக் கேள்வி கேட்கும் அதிகாரத்தோடு ஒரு பெண் அமரக்கூடிய நாற்காலி இது ஒன்றாகத்தான் இருக்கும். அந்த நாற்காலியில் அமர்வதற்கு ஒரு பெண்ணை ஆயத்தப்படுத்துவது தலைமைப் பயிற்சியின் மையத்தில் இருக்க வேண்டிய பாடம். சாட்சியை எப்படி விசாரிப்பது, நடுநிலையை எப்படிக் காப்பது, அறிக்கையை எப்படி எழுதுவது, நிர்வாகத்தின் அழுத்தம் வந்தால் எப்படி நிற்பது என்று ஒரு முழு நாள் கற்பித்திருக்கலாம். அடுத்த அணிக்காவது இதைச் சேர்க்க வேண்டும் என்று கருத்துப் படிவத்தில் விரிவாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மகப்பேறு விடுப்பைப் பற்றி 2017ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த 26 வாரங்களையும், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதையும் சொன்னார்கள், சரிதான். விடுப்பில் இருந்த ஆண்டுக்கு என்ன மதிப்பெண் போடப்படுகிறது என்பதை யாரும் எடுத்துப் பேசவில்லை. பாதி ஆண்டு வேலை செய்தவருக்கு நடுத்தர மதிப்பெண் போட்டு, அந்த மதிப்பெண்ணைக் காட்டி அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குப் பதவி உயர்வை மறுக்கும் வழக்கத்தை வகுப்பில் இருந்த பலரும் தேநீர் இடைவேளையில் விவரித்தார்கள். வகுப்புக்குள் பேசியிருக்க வேண்டிய செய்தி அது.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வகுப்புகள் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தன. இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தலைமை என்பது லைன் லீடராகவும், சூப்பர்வைசராகவும், ஷிஃப்ட் பொறுப்பாளராகவும் உயர்வதுதான். அசெம்பிளி லைனில் பல ஆண்டுகள் இருந்து, எந்த இயந்திரம் எப்போது தகராறு செய்யும் என்பதை ஒலியைக் கேட்டே சொல்லிவிடும் பெண்களை, ஆங்கிலம் என்ற ஒரே காரணத்தால் எங்கள் தொழிற்சாலை இந்தப் பயிற்சிக்கு அனுப்ப முடியவில்லை. ஒரு நாள் பயிற்றுநர் குழு விவாதத்தைத் தமிழில் நடத்த இசைந்தபோது, அதுவரை வாய் திறக்காத இருவர்தான் அன்று அதிகம் பேசினார்கள்.

ஷிஃப்ட் பொறுப்பாளர் பதவிக்கு இரவுப் பணி அனுபவம் வேண்டும் என்பது பல ஆலைகளில் எழுதப்படாத விதி. தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆவது பிரிவு பெண்களின் இரவுப் பணிக்கு விதித்திருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே, பாதுகாப்பு நிபந்தனைகளோடு நீக்கியது. அதற்குப் பிறகும் வாகன வசதி செய்து தர வேண்டியிருக்கும் என்று கணக்குப் பார்த்து இரவு ஷிஃப்டில் பெண்களையே போடாத ஆலைகள் உண்டு. அங்கே ஒரு பெண் ஷிஃப்ட் பொறுப்பாளராக வரும் பாதை தொடக்கத்திலேயே அடைபட்டுவிடுகிறது. உற்பத்தித் துறைக்கும் சேர்த்து விற்கப்படும் ஒரு பயிற்சியில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது, பாடத்திட்டத்தை எழுதியவர்கள் கண்ணாடிக் கட்டடங்களை மட்டுமே மனத்தில் வைத்திருந்தார்கள் என்பதைக் காட்டுகிறது.

முன்மாதிரிகள் பற்றிய வகுப்பில் அயல்நாட்டுத் தலைமைச் செயல் அலுவலர்களின் படங்களே நிறைந்திருந்தன. 1927இல் சென்னைச் சட்ட மேலவைக்குச் சென்று அதன் துணைத் தலைவராகவும் ஆன டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை, நாங்கள் அமர்ந்திருந்த இடத்துக்குச் சற்றுத் தொலைவில் அடையாற்றில் இருக்கிறது. அதைப் பின்னர் பல பத்தாண்டுகள் வழிநடத்தியவர் டாக்டர் சாந்தா. ஒரு பெண் தொடங்கி, இன்னொரு பெண் ஏற்று நடத்திய அந்த நிறுவனத்தின் வரலாற்றிலிருந்து நிதி திரட்டுவது, அரசோடு பேசுவது, அடுத்த தலைமுறையை உருவாக்குவது ஆகிய மூன்றையும் கற்பித்திருக்க முடியும்.

வசதிகளைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. அம்பத்தூரிலிருந்து ரயிலில் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து மெட்ரோவில் கிண்டி போவது எளிதாகவே இருந்தது. உணவு நன்றாக இருந்தது; வகுப்புகள் குறித்த நேரத்தில் தொடங்கி முடிந்தன. சனிக்கிழமையில் குழந்தையை விட்டுவிட்டு வர முடியாமல் இருவர் பாதியில் நின்றுவிட்டார்கள் என்பதால், வகுப்பு நடக்கும் இடத்திலேயே ஒரு காப்பகம் ஏற்பாடு செய்யப்பட வேண்டும்; பெண்களுக்கென்று நடத்தும் பயிற்சியில் இதை யாரும் கேட்டு வாங்க வேண்டியிருக்கக் கூடாது.

இனி, வாங்க எண்ணும் நிறுவனங்களுக்குச் சில குறிப்புகள். மேலதிகாரிகள் அமர்வு விலைப் பட்டியலில் தனிக் கட்டணமாக, விரும்பினால் மட்டும் சேர்த்துக்கொள்ளும் வகையில் வைக்கப்பட்டிருக்கிறது. செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுதான். வேறு எதையாவது குறைத்துக்கொண்டாலும் அதை விட்டுவிடாதீர்கள். வரும் அதிகாரிகள் மாலை வரை இருப்பார்கள் என்பதை நிர்வாக இயக்குநரின் கையொப்பத்தோடு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். சட்டப் பகுதியை நடத்தப்போவது யார் என்று கேளுங்கள். உள்ளகக் குழுவில் பணியாற்றிய அனுபவமுள்ள வழக்கறிஞராக இருந்தால் நல்லது. தமிழில் நடத்த முடியுமா என்றும் கேளுங்கள். எங்கள் தொழிற்சாலை கேட்டதன்பேரில், சூப்பர்வைசர் நிலையில் உள்ள பெண்களுக்கு அம்பத்தூரிலேயே, வேலை நேரத்துக்குள், தமிழில் ஓர் அணி நடத்திப் பார்க்க இந்த நிறுவனம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆலைத் தலைவரும் ஷிஃப்ட் மேலாளர்களும் முதல் நாளே வந்து அமர வேண்டும் என்பதை அந்த ஒப்பந்தத்தில் நிபந்தனையாகச் சேர்த்திருக்கிறோம்.