வெடித்த உதட்டுக்கு எது: தேங்காய் எண்ணெயா, வாசலினா, தேன்மெழுகு பாமா?

மார்கழிப் பனியோ, நாள் முழுக்க ஏசியோ, கத்திரி வெயிலோ, உதடு வெடிக்கும் விதம் ஒன்றுதான். உதட்டின் சிவந்த பகுதியில் எண்ணெய்ச் சுரப்பி ஏறக்குறைய இல்லை, மேல்தோலும் மெல்லியது. அதனால் ஈரம் சீக்கிரம் வெளியேறிவிடும். வறண்டதும் நாக்கு தானாக அங்கே போகும். எச்சில் காயும்போது இருந்த ஈரமும் சேர்ந்து போகும், எச்சிலில் உள்ள செரிமான நொதிகள் தோலை மேலும் அரிக்கும். எரியும், மறுபடி நக்குவோம், மறுபடி வெடிக்கும்.

ஆகவே ஒரு லிப் பாமை எடைபோட நான் வைக்கும் முதல் கேள்வி, இது நாக்கை உதட்டிலிருந்து விலக்கி வைக்குமா என்பதுதான். விலை, பெயர், டப்பாவின் மேல் போட்டிருக்கும் இலைப் படம் எல்லாம் அதற்குப் பிறகு. இந்தக் கேள்வியில் தேறுவது வாசனை சேர்க்காத தேன்மெழுகு பாம். மற்றவை ஏன் பின்தங்குகின்றன என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

தேங்காய் எண்ணெய் சுத்தமானது, எல்லா வீட்டிலும் இருக்கும். ஆனால் சுமார் 24 டிகிரியிலேயே உருகிவிடும் எண்ணெய் அது. உதட்டுச் சூட்டில் தண்ணீராக ஓடி, பாதி வாய்க்குள்ளும் மீதி காபி டம்ளர் விளிம்பிலும் போய்விடும். ருசியும் இருப்பதால் நாக்கு சும்மா இராது. நெய்க்கும் இதே கதைதான். வெண்ணெய் இன்னும் ஒரு படி கீழே, ஏனென்றால் அதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர். உப்பு சேர்த்த வெண்ணெயை வெடிப்பில் தடவினால் எரிச்சல்தான் மிஞ்சும். இரவு படுக்கும்முன் தடவ நெய் போதும், பகலில் அது நிற்காது.

வாசலின், அதாவது பெட்ரோலியம் ஜெல்லி, இயற்கைப் பொருள் இல்லை என்பதற்காகவே பலர் ஒதுக்குகிறார்கள். அது நியாயமில்லை. 1872-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பொருள் இது. மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்த வெள்ளை ஜெல்லிக்கு ஒவ்வாமை மிக அரிது, ஈரத்தைத் தடுப்பதில் அதை மிஞ்சுவது கடினம். குறை என்றால், வெயிலில் இளகி வழுக்கும், அடிக்கடி தடவ வேண்டிவரும். தேனீப் பொருள்கள் ஒத்துக்கொள்ளாதவர்கள் தயங்காமல் இதையே எடுக்கலாம்.

உண்மையில் கவனிக்க வேண்டியது ‘ஹெர்பல்’, ‘நேச்சுரல்’ என்று விற்கும் பாம்களைத்தான். புதினா எண்ணெய், மெந்தால், கற்பூரம், பட்டை எண்ணெய், எலுமிச்சை எண்ணெய் எல்லாம் செடியிலிருந்தே கிடைக்கக்கூடியவை. ஆனாலும் வெடித்த உதட்டில் அவை எரிச்சலூட்டும், சிலருக்கு ஒவ்வாமையும் தரும். ஜில்லென்று இருந்தால் ‘வேலை செய்கிறது’ என்று நினைக்கிறோம். அந்த ஜில்லிப்பு மெந்தால் நரம்பைத் தூண்டுவதால் வருவது, ஆறுவதன் அடையாளம் இல்லை. ஸ்ட்ராபெர்ரி, மாம்பழம், சாக்லேட் என்று இனிப்புச் சுவை சேர்த்தவை நாக்குக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பவை. தடவத் தடவ வறட்சி கூடினால் பழி பனியின் மேல் இல்லை, டப்பாவின் மேல். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவு இறங்கும் வரிசையில் அச்சிட வேண்டும் என்பது இந்திய விதி. ஆக முதல் மூன்று பெயர்களில் பீஸ்வாக்ஸ் (லத்தீனில் ‘செரா ஆல்பா’ என்றும் போடுவார்கள்) இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் ‘ஃப்ராக்ரன்ஸ்’, ‘பர்ஃப்யூம்’, ‘ஃப்ளேவர்’ என்று இருந்தால் அப்படியே அலமாரியில் வைத்துவிடுங்கள்.

லானோலின், அதாவது ஆட்டு ரோமக் கொழுப்பு, நன்றாக ஒட்டி நிற்கும். ஆனால் சிலருக்கு ஒவ்வாது. அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2023-இன் ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அதைத்தான் அறிவித்தது. ஷியா பட்டர், அதாவது ஆப்பிரிக்க ஷியா மரக் கொட்டையின் கொழுப்பு, மென்மையானது, ஆனால் உடல் சூட்டிலேயே உருகும். நம் ஊர் வெயிலில் தனியாக அது எவ்வளவு தாங்கும் என்று அழுத்திச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கம் போதாது.

தேன்மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி வேண்டும். அதனால்தான் எண்ணெயில் கால் பங்கு மெழுகு கலந்தாலே மே மாதத்திலும் பாம் டப்பாவில் நிற்கும், உதட்டிலும் மெல்லிய போர்வையாகத் தங்கும். ருசி கிடையாது, மணமும் லேசான தேனடை மணம்தான். நாக்குக்கு அங்கே வேலை இல்லை.

வீட்டில் செய்ய 10 கிராம் தேன்மெழுகு, 10 கிராம் கோகம் பட்டர் (கோகம் பழ விதையின் கெட்டிக் கொழுப்பு), 20 கிராம் (சுமார் 22 மில்லி) தேங்காய் எண்ணெய் போதும். பத்து கிராம் டப்பா நான்கு வரும். கோகம் கிடைக்காவிட்டால் எண்ணெயை 30 கிராமாக்குங்கள், கொஞ்சம் இளகலாக இருக்கும். ஸ்பூன் கணக்கு வேண்டாம், மெழுகுத் துண்டுகளை ஸ்பூனால் அளந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு பாம் வரும். ஒரு கிராம் காட்டும் சமையல் தராசு போதும். மெழுகை வாங்கும்போது மேலே வெண்மையாகப் பூத்திருந்தால் பூஞ்சை என்று பயப்படாதீர்கள். நாளானால் தேன்மெழுகு அப்படித்தான் பூக்கும், லேசாகச் சூடு காட்டினால் மறையும். பாரஃபின் மெழுகு அப்படிப் பூக்காது.

வாணலியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து, அதற்குள் ஈரமில்லாத எவர்சில்வர் கிண்ணத்தை வையுங்கள். நேரடித் தீயில் மெழுகை உருக்கக் கூடாது, பற்றிக்கொள்ளும். முதலில் மெழுகு, அது கரைந்ததும் எண்ணெய், கடைசியில் கோகம். எண்ணெய் பட்டதும் மெழுகு கொஞ்சம் திரளும், கிண்டிக்கொண்டே இருந்தால் தெளிந்துவிடும். இப்போது ஃப்ரீசரில் வைத்த ஸ்பூனில் நாலு சொட்டு விட்டு, இரண்டு நிமிடம் கழித்து நகத்தால் கீறிப் பாருங்கள். செதில் செதிலாக வந்தால் கெட்டி, 2 கிராம் எண்ணெய் கூட்டுங்கள். விரல் வைத்ததும் மொத்தமாக அமுங்கினால் 1 கிராம் மெழுகு. அதிகச் சூட்டில் ஊற்றினால் நடுவில் குழி விழும், பிளாஸ்டிக் டப்பாவும் வளையும். ஓரத்தில் லேசாக மங்கத் தொடங்கும்போது ஊற்றுவது சரியான பதம். கிண்ணத்தைச் சூடு ஆறுமுன் செய்தித்தாளால் துடைத்துவிடுங்கள். தொட்டியில் கழுவினால் மெழுகு குழாய்க்குள் உறைந்து அடைக்கும்.

தேன், கற்றாழைச் சோறு, பீட்ரூட் சாறு எதையும் இதில் சேர்க்காதீர்கள். மூன்றும் நீர் சார்ந்தவை. எண்ணெயோடு கலக்காமல் அடியில் தங்கும், கற்றாழையும் பீட்ரூட் சாறும் பூஞ்சைக்கும் வழிவிடும். நிறம் ஆசை இருந்தால் வேம்பாளம்பட்டையை எண்ணெயில் ஊறவைத்து வடிகட்டலாம், செந்நிறம் எண்ணெயிலேயே இறங்கும். வெடிப்பு இருக்கும்வரை அதுவும் வேண்டாம். தண்ணீர் படாத பாம் ஆறு மாதம் தாராளமாக இருக்கும், சிக்கு வாடை வந்த அன்று தூக்கிப் போட்டுவிடுங்கள். ஈர விரலை டப்பாவில் விடுவதுதான் சீக்கிரம் கெடக் காரணம்.

தேன்மெழுகிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அதில் தேனீப் பிசினின் தடயம் இருக்கலாம், சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. முழங்கை உட்புறத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு உதட்டுக்குக் கொண்டுபோங்கள்.

எதை எடுத்தாலும் காய்ந்த உதட்டில் தடவாமல், முகம் கழுவி ஒற்றி எடுத்த லேசான ஈரத்தின் மேல் தடவுங்கள். பூச்சு ஈரத்தை உண்டாக்காது, இருப்பதைப் பூட்டும். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள், வெடிப்பு ஆறும்வரை சர்க்கரை ஸ்க்ரப்பும் கூடாது. பல் துலக்கியதும் பேஸ்ட் நுரையை உதட்டிலிருந்து நன்றாகக் கழுவுங்கள். பாமை மாற்றியும் ஆறாத பலருக்குக் குற்றவாளி பேஸ்டில் இருக்கும் புதினா, பட்டைச் சுவைதான்.

இந்த பாம் வெயிலைத் தடுக்காது. நாள் முழுக்க வெளியில் நிற்பவர்கள் பகலுக்கு எஸ்.பி.எஃப் 30 உள்ள லிப் பாமை வாங்கிக்கொள்ள வேண்டும். ஜிங்க் ஆக்சைடு பொடியை வீட்டில் கலந்தால் சீராகப் பரவாது, அதை நம்பி வெயிலில் போக முடியாது. வாய்க்கடையில் மட்டும் இரு பக்கமும் வெடித்தால் அது பெரும்பாலும் பூஞ்சையோ சத்துக் குறைவோ, பாம் அதற்கு மருந்து இல்லை. மூன்று வாரம் தாண்டியும் கீழுதட்டில் ஒரே இடம் செதிலாகவோ புண்ணாகவோ நின்றால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.