தீராத தலைச்சுற்றலுக்கு இரு வழிகள்: ஃபங்ஷனல் நியூராலஜியும் வெஸ்டிபுலர் பயிற்சியும்

தலையில் அடிபட்டுப் பல மாதங்கள் கடந்த பிறகும் சிலருக்குத் தலைச்சுற்றலும், தலைவலியும், கூட்டமான கடைக்குள் நுழைந்தாலே வரும் தடுமாற்றமும் நீங்குவதில்லை. ஸ்கேனில் குறை ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி நரம்பியல் மருத்துவர் அனுப்பிவிட்டால், அமெரிக்காவிலும் கனடாவிலும் அவர்களில் பலர் நாடுவது இரண்டு இடங்களை. ஒன்று, முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் சொடுக்கியும் சிகிச்சை தரும் கைரோபிராக்டர்கள் நடத்தும் ஃபங்ஷனல் நியூராலஜி நிலையம். மற்றொன்று, பிசியோதெரபிஸ்டுகள் தரும் வெஸ்டிபுலர் பயிற்சி, அதாவது உட்காதின் சமநிலை உணர்வைச் சீராக்கும் பயிற்சி. இரண்டிலும் கண்ணை ஓட்டச் சொல்வார்கள், தலையைத் திருப்பச் சொல்வார்கள், கண்ணை மூடி நிற்கச் சொல்வார்கள் என்பதால் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. எந்தக் கோளாறுக்காக எதைச் செய்கிறார்கள், செய்தது பலித்ததா என்பதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று கேட்டால்தான் இடைவெளி புலப்படும்.

ஃபங்ஷனல் நியூராலஜியை உருவாக்கிப் பரப்பியவர் டெட் காரிக் என்ற கைரோபிராக்டர். மூளையின் சில பகுதிகள் சோர்ந்திருக்கின்றன, அவற்றைக் கண், காது, கழுத்து வழியாகத் தூண்டிச் சமன்செய்யலாம் என்பது இதன் அடிப்படை. பயிற்சியால் மூளை மாறும் என்ற பொதுக் கருத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பகுதி சோர்ந்திருக்கிறது என்று இவர்கள் கண்டறியும் முறைகளில்தான் சிக்கல் இருக்கிறது. 1997-இல் காரிக் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஒரு கண்ணை மூடித் தாளில் உள்ள புள்ளியையே பார்த்திருக்கும் ஒருவருக்கு, பக்கவாட்டில் நகரும் சிறு குறி ஓரிடத்தில் மறைந்து பின் தோன்றும். இயல்பாகவே எல்லோருக்கும் இருக்கும் அந்தக் குருட்டுப்புள்ளியின் எல்லையைத் தாளில் வரைந்து, கழுத்தெலும்பைச் சொடுக்கிய பின் மறுபடி வரைந்து, அளவில் கண்ட மாற்றத்தை மூளையின் மாற்றமாக அவர் விளக்கினார். குருட்டுப்புள்ளி அமைவது பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில். பார்வை சற்று விலகினாலும், தாள் சற்று நெருங்கினாலும் வரைபடம் மாறிவிடும். இதை மூளையின் அளவுகோலாகக் கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. காரிக் வெளியிட்டவை அனைத்தையும் தொகுத்து 2020-இல் வந்த மதிப்பாய்வும், இம்முறையின் பலனுக்கு ஏற்கத்தக்க சான்று இல்லை என்றே முடிவு செய்தது. அந்த மதிப்பாய்வு வெளியானது கைரோபிராக்டிக் துறையின் சொந்த ஆய்விதழில் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்த முறைக்குப் பெயர் தேடித் தந்தவர் ஐஸ் ஹாக்கி வீரர் சிட்னி கிராஸ்பி. 2011 ஜனவரி முதல் வாரத்தில் இரண்டு முறை அடிபட்டு மாதக்கணக்கில் ஆட முடியாதிருந்த அவர், அந்த ஆகஸ்டில் காரிக்கிடம் சென்று, உடலையே பல திசைகளில் சுழற்றும் நாற்காலியில் சிகிச்சை பெற்றார். நவம்பர் 21 அன்று களத்துக்குத் திரும்பி இரண்டு கோல் அடித்ததும் செய்தி எங்கும் பரவியது. டிசம்பரிலேயே அறிகுறிகள் திரும்பியதும், அடுத்த ஜனவரியில் வேறொரு நிபுணர் அவருடைய கழுத்தில் மேல்பகுதித் திசுக்களில் காயம் கண்டதும், 2012 மார்ச் நடுவில்தான் அவர் மீண்டும் ஆடியதும் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. காலம் ஆற்றியது எவ்வளவு, கூடவே பெற்ற மற்ற சிகிச்சைகள் ஆற்றியது எவ்வளவு, நாற்காலி ஆற்றியது எவ்வளவு என்று ஒருவரின் கதையை வைத்துப் பிரித்தறிய வழியே இல்லை.

வெஸ்டிபுலர் பயிற்சி 1940-களில் இங்கிலாந்தில் காத்தோர்ன், கூக்ஸி இருவரின் பணியில் தொடங்கியது. முதலில் நோய் எது என்று பிரித்தறிவதே இதன் பலம். படுக்கையில் புரளும்போது சில நொடிகள் உலகமே சுழன்றால், உட்காதில் இடம்பெயர்ந்த கால்சியம் துகள்களே பெரும்பாலும் காரணம். டிக்ஸ்-ஹால்பைக் சோதனையில் தலையைத் திருப்பிப் படுக்கவைத்துக் கண்ணின் துடிப்பைப் பார்த்து அதை உறுதிசெய்து, எப்ளி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகள்களை உரிய இடத்துக்கு நகர்த்துவார்கள். பலருக்கு ஓரிரு அமர்வுகளிலேயே சுற்றல் நின்றுவிடும். காதின் சமநிலை நரம்பு பழுதானவருக்குப் பயிற்சி வேறு: அட்டையில் எழுதிய ஓர் எழுத்தை நிலைகுத்திப் பார்த்தபடி, எழுத்து மங்காத வேகத்தில் தலையை இடமும் வலமும் அசைக்க வேண்டும், ஒன்றிரண்டு நிமிடங்கள், நாளுக்குப் பலமுறை, வீட்டிலேயே. முதலில் கிறுகிறுப்பு கூடத்தான் செய்யும். அதை முன்கூட்டியே சொல்லிவைக்காததால் பாதியில் விட்டுவிடுபவர்கள் உண்டு.

ஒரு பக்கக் காதின் சமநிலைப் பழுதுக்கு இப்பயிற்சி பலன் தருகிறது, பாதுகாப்பானது என்று 39 ஆய்வுகளைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு கூறுகிறது (காக்ரேன் என்பது மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு). அடிபட்ட பின் நீடிக்கும் தொல்லைக்குக் கழுத்து, சமநிலைப் பயிற்சிகளைச் சேர்த்துக் கொடுத்த 2014-ஆம் ஆண்டு கனடிய ஆய்வில், பயிற்சி பெற்ற 15 பேரில் 11 பேர் எட்டு வாரத்துக்குள் விளையாட்டுக்குத் திரும்ப மருத்துவ அனுமதி பெற்றனர்; ஒப்பீட்டுக் குழுவின் 14 பேரில் ஒருவர் மட்டுமே பெற்றார். ஆய்வு சிறியது, ஆனாலும் ஒப்பிட ஒரு குழு இருந்தது. ஒற்றைத் தலைவலியோடு வரும் சுற்றலுக்கும், மெனியர் நோய் என்ற உட்காதுக் கோளாறுக்கும் இப்பயிற்சி மட்டும் போதாது, மருந்தும் வேண்டியிருக்கும்.

ஃபங்ஷனல் நியூராலஜி நிலையங்களுக்குச் சேர வேண்டிய பெருமை ஒன்று உண்டு. அங்கே நோயாளி சொல்வதை நேரம் ஒதுக்கிக் கேட்கிறார்கள், தொல்லை மெய்யானது என்று நம்புகிறார்கள். அவசரமாக முடியும் மருத்துவர் சந்திப்பில் இது கிடைக்காதபோது மனிதர்கள் அங்கே போவதில் வியப்பில்லை. அவர்களைக் குறைசொல்வதும் தகாது. ஆனால் ஒரு வாரத் தீவிர சிகிச்சைக்கு ஆயிரக்கணக்கான டாலர் கேட்கப்படுவதையும், காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காததையும் கணக்கில் எடுக்க வேண்டும். கழுத்தைச் சொடுக்குவதற்கும் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிவதற்கும் தொடர்பு காணப்படுவதால், காரணம் இதுவே என்று நிறுவப்படாவிட்டாலும், நோயாளியிடம் முன்பே தெரிவிக்க வேண்டும் என அமெரிக்க இதயச் சங்கம் 2014-இல் அறிவுறுத்தியது. தலையோடு கழுத்திலும் அடிபட்டவருக்கு இது சிறிய விஷயமல்ல.

ஆகவே வெஸ்டிபுலர் பயிற்சி அளிப்பவரிடமே முதலில் செல்லச் சொல்வேன். அதன் பிறகும் ஃபங்ஷனல் நியூராலஜியை முயல விரும்புபவர், என் நோயின் பெயர் என்ன, எத்தனை வாரத்தில் எந்த அளவு முன்னேற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் எப்போது நிறுத்துவீர்கள் என்று பணம் கட்டும் முன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். சுற்றலோடு இரட்டைப் பார்வையோ, பேச்சுக் குழறலோ, கை கால் பலவீனமோ திடீரென்று தோன்றினால் இரண்டு இடமும் வேண்டாம்; அது பக்கவாதமாக இருக்கலாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.